மரத்துக்குக் கணக்கு உண்டு, குடும்பத்துக்கு?

தோட்டத்தைத் தாமானாக மாற்ற நினைக்கும் மேம்பாட்டாளர், திட்டமிடல் அனுமதி மனுவோடு ஓர் அறிக்கையையும் ஊராட்சி மன்றத்திடம் கொடுக்க வேண்டும். அதில் என்னென்ன இருக்க வேண்டும் என்பதை 1976-ஆம் ஆண்டின் நகர, கிராமத் திட்டமிடல் சட்டம், 21ஏ பிரிவில் வரிசையாகச் சொல்கிறது. நிலம் யார் பெயரில் இருக்கிறது, என்ன வில்லங்கம் உண்டு, மேடு பள்ளம் எப்படி, மண் என்ன வகை, மழைநீர் எந்தப் பக்கம் ஓடும், எந்தக் கட்டடங்கள் பாதிக்கப்படும் என்றெல்லாம் கேட்கிறது. நிலத்தில் நிற்கும் மரங்களைக்கூடக் கணக்கெடுக்கச் சொல்கிறது. அங்கே எத்தனை குடும்பங்கள் குடியிருக்கின்றன, அவர்கள் எங்கே போவார்கள் என்ற கேள்வி மட்டும் அந்த வரிசையில் இல்லை.

பேராக்கின் பத்து காஜா வட்டாரத்தில் இந்தக் கேள்வி வெறும் சட்ட நுணுக்கம் அல்ல. ஈப்போ 1988-இல் மாநகரானது என்றாலும் கிந்தா மாவட்டத்தின் நிர்வாகம் பத்து காஜாவில்தான் நடக்கிறது. 2010-இல் ஓடத் தொடங்கிய இடிஎஸ் மின்ரயில் இங்கே நிற்கிறது. 2015-இல் சீன நிறுவனம் ஒன்று ரயில்பெட்டித் தொழிற்சாலையைத் திறந்தது. ஈப்போவுக்குள் வீடு வாங்க முடியாத இளம் தம்பதிகள் இந்தப் பக்கம் பார்ப்பது இயல்பு. அவர்களில் நம் பிள்ளைகளும் உண்டு. லயத்தில் பிறந்தவரின் மகன் தாமானில் தவணை கட்டுகிறான். அதனால் ‘வீடமைப்பே வேண்டாம்’ என்று கொடி பிடிக்க எனக்கு மனமில்லை. வீடு வேண்டும், தாமான்கள் வேண்டும். அனுமதி எந்த முறையில் தரப்படுகிறது என்பதைப் பற்றித்தான் என் பேச்சு.

இங்கே வீடமைப்புக்குக் கிடைக்கும் நிலம் பெரும்பாலும் இரண்டு வகை. ஒன்று, ஈயம் எடுத்து முடித்த நிலம். 1985 அக்டோபரில் அனைத்துலக ஈய மன்றம் கடனில் மூழ்கி ஈய விலை சரிந்ததும் கிந்தாப் பள்ளத்தாக்கின் சுரங்கங்கள் ஒன்றன்பின் ஒன்றாக மூடப்பட்டன. தஞ்சோங் துவாலாங் சாலையோரத்தில் சுற்றுலாப் பயணிகளுக்காக நிற்கும் ஐந்தாம் எண் ஈயக்கப்பல் 1938-இல் கட்டியது. அது 1982-லேயே ஓய்ந்துவிட்டது. கப்பல் தோண்டிப் போட்ட இடத்தில் மணல் ஒரு பக்கம், களிச்சேறு ஒரு பக்கம் என்று பிரிந்து கிடக்கும். மணல்மேட்டில் வீடு கட்டலாம். சேறு தேங்கிய குட்டையை மேலோட்டமாக மூடிக் கட்டினால் சில ஆண்டுகளில் சுவர் வாயைப் பிளக்கும். அதற்கும் கீழே சுண்ணாம்புப் பாறை. அதில் குகைபோல வெற்றிடங்கள் இருக்கும். வீடு வாங்கப் போகிறவர்கள் சமையலறை ஓட்டின் நிறத்தைப் பார்ப்பதற்கு முன் மண் ஆய்வறிக்கையைக் கேட்டுப் பார்ப்பது நல்லது.

இரண்டாவது வகை, தோட்ட நிலம். ரப்பராக இருந்து செம்பனையாகி, இப்போது மனையாகும் நிலம். பத்து காஜா என்றதும் வெளியூர்க்காரர்களுக்கு நினைவுக்கு வருவது கெல்லிஸ் கோட்டை. வில்லியம் கெல்லி ஸ்மித் என்ற ஸ்காட்லாந்துத் துரை கட்டத் தொடங்கி, 1926-இல் லிஸ்பனில் அவர் இறந்ததால் பாதியில் நின்ற மாளிகை அது. கட்டியவர்கள் தமிழ்நாட்டிலிருந்து வந்த நம் ஆட்கள். விஷக் காய்ச்சல் பரவி அவர்கள் மடிந்தபோது, கேட்டுக்கொண்டதற்கு இணங்கித் துரை ஒரு மாரியம்மன் கோயிலும் எழுப்பினார் என்பது ஊரில் வழங்கும் வரலாறு. கோயில் கூரையில் சாமி உருவங்களுக்கு நடுவே கோட்டு போட்ட துரையும் நிற்கிறார். அவருடைய கிந்தா கெல்லாஸ் தோட்டத்தின் பெயரை இன்றும் ஒரு தமிழ்ப்பள்ளி சுமக்கிறது. துரையின் கோட்டை சுற்றுலாத் தலமாகப் பிழைத்துக்கொண்டது; லயங்களுக்கு அப்படி யாரும் பலகை வைக்கவில்லை.

இனி அனுமதி எப்படி நகர்கிறது என்று பார்ப்போம். முதலில் தோட்டம் கைமாறும். 40 ஹெக்டேருக்குக் குறையாத தோட்ட நிலம் என்றால் தேசிய நிலச் சட்டத்தின் 214ஏ பிரிவுப்படி தோட்ட நில வாரியத்தின் ஒப்புதல் வேண்டும். பிறகு விவசாய நிலத்தைக் கட்டட நிலமாக மாற்றி, மனையாகப் பிரிக்க மாநில அரசிடம் விண்ணப்பம் போகும். நிலம் மாநிலத்தின் அதிகாரம் என்பதால் அதற்கான பிரிமியம் மாநிலக் கருவூலத்துக்குச் சேரும். திட்டமிடல் அனுமதியை பத்து காஜா மாவட்ட மன்றம் தரும். மேசை மேசையாகக் கோப்பு அலையக்கூடாது என்று 2007-இல் கொண்டுவந்த ஒரே முகப்பு மையத்தின் வழியாக, தண்ணீர், மின்சாரம், வடிகால், தீயணைப்பு என எல்லாத் துறைகளும் கருத்துச் சொல்லும். சொல்ல வாய்ப்பில்லாத ஒரே தரப்பு, அந்த நிலத்தில் குடியிருப்பவர்கள்.

ஆட்சேபம் தெரிவிக்கும் உரிமை திட்டமிடல் சட்டத்தில் இருக்கிறதே என்று கேட்கலாம். இருக்கிறது. 21-ஆவது பிரிவுப்படி பக்கத்து நிலத்துக்காரர்களுக்கு மன்றம் நோட்டீஸ் அனுப்ப வேண்டும். அவர்கள் 21 நாள்களுக்குள் ஆட்சேபிக்கலாம், நேரில் வந்து பேசலாம். ஆனால் அந்த நோட்டீஸ் பட்டாக்காரர்களின் பெயருக்கு வருவது. லயத்தில் நாற்பது ஆண்டு வாழ்ந்தவர் பட்டாக்காரர் அல்ல. அதோடு, அந்த இடத்துக்கு உள்ளூர்த் திட்டவரைவு ஏற்கனவே அரசிதழில் வந்திருந்தால் அந்த நோட்டீஸும் கட்டாயமில்லை. வரைபடத்தில் அந்த நிலம் விவசாயப் பச்சையிலிருந்து குடியிருப்பு ஆரஞ்சுக்கு மாறிய அன்றே விஷயம் பாதி முடிந்தது. வரைவு மக்கள் பார்வைக்கு வைக்கப்படும் காலம் குறைந்தது நான்கு வாரம். அந்த நான்கு வாரத்தில் எத்தனை தோட்டத்து மக்கள் மன்ற அலுவலகம் போய் வரைபடத்தில் தங்கள் லயத்தைத் தேடியிருப்பார்கள்? நம் அரசியல்வாதிகளும் சங்கத் தலைவர்களும் புல்டோசர் வந்த பிறகு செய்தியாளர் சந்திப்பு வைப்பார்களே தவிர, வரைவு நாளில் அங்கே தலைகாட்டி நான் பார்த்ததில்லை.

‘இத்தனை காலம் இருந்தோமே’ என்ற வாதம் நீதிமன்றத்தில் எடுபடாது. தேசிய நிலச் சட்டத்தின் 341-ஆவது பிரிவு அதை நேரடியாகவே சொல்கிறது: எவ்வளவு காலம் அனுபவித்தாலும் பட்டாக்காரர் நிலத்தை மீட்பதற்கு அது தடையாகாது. அரசு நிலத்துக்கும் இதே நிலைதான். பேராக்கில் காட்டை வெட்டிக் குடியேறிய சீடேக் என்பவரும் மற்றவர்களும் மாநில அரசுக்கு எதிராகத் தொடுத்த வழக்கில், அத்துமீறிக் குடியிருப்போருக்குச் சட்டப்படியும் உரிமை இல்லை, நியாய உரிமைப்படியும் இல்லை என்று 1982-இல் கூட்டரசு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இன்றுவரை அந்தத் தீர்ப்பைத்தான் மேற்கோள் காட்டுகிறார்கள். பினாங்கின் கம்போங் புவா பாலா மக்கள் தங்கள் ஊரைக் காக்கக் கூட்டரசு நீதிமன்றம்வரை போனார்கள். 2009-இல் ஊர் தரைமட்டமானது. மாற்று வீட்டை ஏற்றவர்களுக்கு இரட்டை மாடி வீடு கிடைத்தது. ஏற்காமல் நின்றவர்கள் அதையும் இழந்தார்கள். பட்டா இல்லாத தரப்பு பேரம் பேசுவதற்கு ஒரே காலம், அனுமதி கையெழுத்தாகும் முன்பு உள்ள காலம்தான்.

இன்னொரு கணக்கையும் பார்க்கலாம். வேலை போனால் தொழிலாளிக்கு என்ன தர வேண்டும் என்று 1980-ஆம் ஆண்டின் பணிநிறுத்த இழப்பீட்டு விதிகள் தெளிவாகச் சொல்கின்றன. ஐந்தாண்டுக்கு மேல் வேலை செய்தவருக்கு ஆண்டுக்கு 20 நாள் சம்பளம். 30 ஆண்டு பால் வெட்டியவருக்கு 600 நாள் சம்பளம். தோட்டத்தில் தங்கும் தொழிலாளிக்குத் தரமான வீடு கொடுக்க வேண்டும் என்று 1990-ஆம் ஆண்டின் தொழிலாளர் குடியிருப்புச் சட்டம் முதலாளிக்குக் கடமை விதிக்கிறது. இரண்டும் சேரும் இடத்தில்தான் ஓட்டை. வேலை முடிந்தால் வீடும் முடிந்தது. வேலை போனதற்கு ஈடு உண்டு, வீடு போனதற்கு எந்த வாய்பாடும் இல்லை. அவரவர் பேரம், அவரவர் அதிர்ஷ்டம். ஒரு தோட்டத்தில் வீடு, அடுத்த தோட்டத்தில் சில ஆயிரம் வெள்ளி, அதற்கடுத்ததில் காலி செய்யச் சொல்லும் கடிதம் மட்டும் என்று நிலைமை இருப்பதற்கு இதுதான் காரணம்.

இது நேற்று முளைத்த பிரச்சினை அல்ல. சுதந்திரத்தை ஒட்டிய காலத்தில் வெள்ளைக்காரக் கம்பெனிகள் தோட்டங்களை விற்றபோது, வாங்கியவர்கள் துண்டு துண்டாகப் பிரித்து விற்றார்கள். 1950-களில் நடந்த அந்தத் துண்டாடலைப் பேராசிரியர் உங்கு அஸிஸ் ஆய்வு செய்து அறிக்கை எழுதினார். சுங்கை சிப்புட்டைச் சேர்ந்த துன் வீ.தி. சம்பந்தன் ஊர் ஊராகப் போய், மாதம் பத்து வெள்ளி கட்டச் சொல்லி 1960-இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். பேராக் மண்ணிலிருந்து கிளம்பிய யோசனை அது: துரை விற்கும் தோட்டத்தை நாமே வாங்குவோம். தோட்ட நில வாரியமும் துண்டாடலைத் தடுக்கத்தான் வந்தது. ஆனால் அன்றைய பயம் தோட்டம் சிறு துண்டுகளாகிவிடும் என்பது. இன்று முழுத் தோட்டமும் ஒரே கம்பெனி கையில் போய், அது ஒரே வரைபடத்தில் ஆயிரம் மனையாகிறது.

பேராக் அரசுக்கு மனமிருந்தால் பட்டா தர முடியும் என்பதற்கும் எடுத்துக்காட்டு உண்டு. 2008-இல் மந்திரி பெசார் நிஜார் ஜமாலுடின் ஆட்சி, புதுக் கிராமங்களுக்கும் சீரமைக்கப்பட்ட கம்பங்களுக்கும் நிரந்தரப் பட்டா தர முடிவெடுத்தது. அடுத்த ஆண்டே அந்த ஆட்சி கவிழ்ந்தது வேறு கதை. லயத்து மக்கள் அந்தக் கணக்கிலும் வரவில்லை, ஏனென்றால் அவர்கள் இருந்தது தனியார் நிலம். அரசு நிலத்தில் குடியேறியவருக்கு அரசாங்கத்திடமாவது போய் நிற்க முடிகிறது. முதலாளி நிலத்தில் முதலாளியே குடிவைத்தவருக்குப் போய் நிற்க ஓர் அலுவலகம் இல்லை.

கோயில் விஷயத்தை மழுப்பாமல் பேசிவிடலாம். தோட்டத்தோடு வந்த கோயில், பட்டா இல்லாத கோயில். மனைப் படத்தில் 22 அடி அகல வீடுகள் வரிசையாக வரும். நடுவே சாலை, பின்சந்து, துணை மின்நிலையம், வெள்ளம் தேங்கும் குளம், பத்து விழுக்காடு திறந்தவெளி. ஏற்கனவே இருக்கும் கோயிலின் மேல் சில வேளை ஒரு மனை எண் விழுந்திருக்கும். வரைந்தவருக்குக் கெட்ட எண்ணம் இருக்க வேண்டியதில்லை. அவருக்குக் கிடைத்த நில அளவைப் படத்தில் பட்டா எல்லைகள் மட்டுமே இருந்திருக்கலாம். அந்தக் கவனக்குறைவின் விலையை நாடு 2018 நவம்பரில் சீபீல்டில் பார்த்தது. பழைய சீபீல்டு தோட்டத்து மாரியம்மன் கோயிலை இடம் மாற்றும் தகராறு கலவரமாகி, தீயணைப்பு வீரர் முகமட் அடிப் உயிரிழந்தார். மனை பிரிக்கும் நாளிலேயே கோயிலுக்கென்று ஒரு மனையைப் பட்டாவோடு ஒதுக்கியிருந்தால் அந்த இரவு வந்திருக்காது என்றே நினைக்கிறேன்.

மேம்பாட்டாளர் தரப்பிலும் நியாயம் இல்லாமல் இல்லை. பிரிமியம், சாலை, வடிகால், மலிவு விலை வீட்டு ஒதுக்கீடு என்று எல்லாவற்றையும் கட்டிவிட்டு, விற்காத வீடுகளோடு நிற்கும் அபாயம் அவருக்கு உண்டு. கைவிடப்பட்ட வீடமைப்புகளைப் பேராக்கிலும் பார்த்திருக்கிறோம். லயத்துக் குடும்பங்களின் சுமையை அவர் தலையில் மட்டும் கட்டுவது முறையாகாது. சிலாங்கூரில் புக்கிட் தாகார், மேரி, நைஜல் கார்ட்னர், சுங்கை திங்கி, மின்ஞாக் ஆகிய ஐந்து தோட்டங்களின் 245 குடும்பங்களுக்கான வீட்டுத் திட்டம் இதற்கு வழிகாட்டுகிறது. கம்பெனி 20 ஏக்கர் நிலம் தந்தது, மத்திய அரசும் மாநில அரசும் பணம் போட்டன. ஆனால் அந்த நிலைக்கு வர இருபது ஆண்டுகளுக்கு மேல் ஆனது. கேட்டவர்களில் எத்தனையோ பேர் சாவியைப் பார்க்காமலே போய்ச் சேர்ந்தார்கள். தோட்டம் கைமாறிய ஆண்டிலேயே அந்தப் பேச்சு நடந்திருந்தால் இத்தனை அரசாங்கங்கள் மாறக் காத்திருக்க வேண்டியதில்லை.

பத்து காஜா மாவட்ட மன்றம் இதற்காகப் புதுச் சட்டம் எதற்கும் காத்திருக்க வேண்டாம். திட்டமிடல் சட்டத்தின் 21ஏ பிரிவின் கடைசியில், ஊராட்சி மன்றம் கேட்கும் பிற விவரங்களையும் அறிக்கையில் சேர்க்கலாம் என்று இடம் விட்டிருக்கிறார்கள். குடியிருக்கும் குடும்பங்கள், கோயில், சுடுகாடு, பள்ளி ஆகியவற்றின் விவரத்தை மன்றம் அந்த இடத்தில் கேட்டு வாங்கலாம். பெருந்திட்டங்களுக்குச் சமூகத் தாக்க மதிப்பீடு கேட்கும் நடைமுறை நாட்டில் வந்துவிட்டது. சில நூறு வீடுகள் கொண்ட திட்டத்துக்கும் அதன் சிறிய வடிவத்தைக் கேட்கலாம். அனுமதிக்கு நிபந்தனை விதிக்க 22-ஆவது பிரிவு அதிகாரம் தருகிறது. இதையெல்லாம் செய்ய மன்ற உறுப்பினர்களை யார் நெருக்குவது என்பதுதான் சிக்கல். 1965-இல் நிறுத்தப்பட்ட ஊராட்சித் தேர்தல் திரும்ப வரவேயில்லை. உறுப்பினர்களை நியமிப்பது மாநில அரசு. லயத்து ஓட்டு அவர்களை அசைக்காது, அவர்களின் கட்சியை அசைக்கும். எனவே கேள்வியைச் சட்டமன்ற உறுப்பினர்களிடமும் நாடாளுமன்ற உறுப்பினரிடமும் கேட்க வேண்டும், அதுவும் மனு மேசையில் இருக்கும்போதே.

நேரம் இதில் முக்கியம். 2007 ஏப்ரல் 12 முதல் வீட்டில் குடியேறத் தகுதிச் சான்றிதழை மன்றம் தருவதில்லை. திட்டத்தின் கட்டடக் கலைஞரோ பொறியாளரோதான் தருகிறார். வீடு கட்டி முடிந்த பிறகு மன்றத்தின் கையில் பிடி குறைவு. லயத்துக் குடும்பங்களின் வீடுகள் முதல் கட்டத்திலேயே கட்டி முடிய வேண்டும், அவர்கள் குடியேறும்வரை லயத்தை இடிக்கக் கூடாது என்ற இரண்டு வரிகள் திட்டமிடல் அனுமதிக் கடிதத்திலேயே இருக்க வேண்டும்.