மென்பொருளும் படித்தவர் நாணயமும்

மரக்காணத்தில் வெயிலில் நின்று உப்பு வாருகின்றவன் பெயரோ, சுமக்கின்றவள் பெயரோ உப்புப் பொட்டலத்தின்மேல் அச்சிடப்படுவதில்லை. இருப்பது வியாபாரி பெயர். வியாபாரம் அப்படித்தான் என்று சமாதானம் சொல்லுவார்கள். ஆனால், உண்மையைத் தேடுவதே எங்கள் தொழில் என்று சொல்லிக்கொள்ளும் பேராசிரியர்களும் பட்டதாரிகளும் இதே காரியத்தைச் செய்தால் அதற்கு என்ன பெயர் என்று கேட்கின்றோம்.

அந்த உப்பளங்களையும், 2021-ல் பறவைகள் சரணாலயமாக்கப்பட்ட கழுவேலியையும் வானத்திலிருந்து எடுத்த படங்களைக் கொண்டு அளக்க வேண்டுமானால், 2002-ல் கேரி ஷெர்மன் துவக்கிய கியூ.ஜி.ஐ.எஸ். என்னும் கட்டற்ற மென்பொருள் இருக்கின்றது. கணக்குப் போட, ஆக்லாந்து பல்கலைக்கழகத்தில் ராஸ் இஹாகாவும் ராபர்ட் ஜென்டில்மனும் உண்டாக்கிய ஆர் இருக்கின்றது. இரண்டுக்கும் காலணா விலையில்லை. தன்னை எப்படிக் குறிப்பிட வேண்டுமென்பதைக்கூட ஆர், ஒரு கட்டளையிட்டால் தானே எழுதிக் காட்டிவிடும். அப்படியிருந்தும் கட்டுரையின் கடைசியில் துறைத் தலைவருக்கு நன்றி, அதிகாரிகளுக்கு நன்றி. மென்பொருளுக்கு மட்டும் ஒரு வரி கிடையாது. விலைகொடுத்து வாங்கிய கருவியென்றாலோ கம்பெனி பெயரும் ஊரும் தவறாமல் வரும். காசு கேட்டவனுக்கு மரியாதை, இனாமாகக் கொடுத்தவனுக்கு மறதி! இதுதானா படித்தவர் நாணயம்?

“பேனாவையும் பென்சிலையும் யாராவது குறிப்பிடுகின்றார்களா?” என்று சில மேதாவிகள் கேட்கின்றார்கள். பேனா கணக்குப் போடுவதில்லை. மென்பொருள் போடுகின்றது, தப்பாகவும் போடும். இரசாயன ஆராய்ச்சிக்கென்று 2014-ல் வெளியான ஒரு சிறு நிரல், கம்ப்யூட்டருக்குக் கம்ப்யூட்டர் வேறு விடை கொடுப்பதை 2019-ல் ஹவாய் பல்கலைக்கழகத்தார் கண்டுபிடித்தார்கள். கோப்புகளை எடுக்கும் வரிசையை அந்தந்த இயங்குதளத்தின் போக்குக்கு விட்டதே காரணம். நிரல் திறந்து கிடந்ததால் தப்பு வெளிப்பட்டது. அதை மேற்கோள் காட்டியிருந்த கட்டுரைகளைத் தேடிப் பிடித்துச் சரிபார்க்கவும் வழியிருந்தது. பெயர் சொல்லாமல் உபயோகித்தவன் கட்டுரையை யார் திருத்துவது? எந்த மென்பொருள், எந்தப் பதிப்பு என்று சொல்லாமல் முடிவை மட்டும் நம்பச் சொல்லுவது, பெரியவர்கள் சொன்னால் கேள்வி கேட்காதே என்பதைவிட எந்த விதத்தில் உயர்ந்தது?

நிற்க, “உரிமத்தில் அப்படி நிபந்தனை இல்லையே” என்பது அடுத்த சமாதானம். சட்டம் கேட்காவிட்டால் யோக்கியதை கேட்காதா? மேற்கோள்களை எண்ணித்தானே உத்தியோகமும் உயர்வும் மானியமும் கொடுக்கின்றார்கள்! அந்த எண்ணிக்கையில் வராதவனுக்கு மென்பொருளைப் பழுதுபார்க்கப் பணம் யார் கொடுப்பார்கள்? அவன் கைவிட்டால், விலைக்கு வாங்க வசதியில்லாத ஏழை மாணவனுக்கே முதல் நஷ்டம்.

இது நாம் புதிதாகச் சொல்லுவதல்ல. மென்பொருளையும் கட்டுரையைப்போலவே மேற்கோள் காட்ட வேண்டுமென்ற கோட்பாடுகள் 2016-லேயே வெளியாகிவிட்டன. பெயர், செய்தவர், பதிப்பு, கிடைக்குமிடம், இவ்வளவுதான் வேலை. ஆகவே, இவையில்லாத ஆய்வேட்டை நம் பல்கலைக்கழகங்கள் திருப்பியனுப்ப வேண்டுமென்கின்றோம். உப்பிட்டவரை மறவாதே என்று மேடையில் பேசினது போதும். கட்டுரையில் ஒரு வரி எழுதட்டும்.