அச்சாணியும் தேரும்

"அச்சாணி இல்லாத தேர் முச்சாணும் ஓடாது" என்பது நம் நாட்டுப் பழமொழி. தேர் எத்துணைப் பெரியதாயினும், அதன் சிற்பவேலை எத்துணைச் சிறந்ததாயினும், சிறியதோர் ஆணி கழன்றுவிட்டால் அது நின்ற இடத்திலேயே நிற்க வேண்டியதுதான். இவ்வுண்மையை இக்காலத்தில் நன்கு உணர்ந்தோர் பழைய மோட்டார் வண்டிகளை, அவற்றுள்ளும் ஸ்போர்ட்ஸ் கார் என வழங்கும் விரைவு வண்டிகளை, வைத்துக் காப்பவர்களேயாவர். ஒரு சிறு உறுப்பினைத் தேடி அவர்கள் படும் பாட்டை எடுத்துக்காட்டி, அதனின்று பெறப்படும் ஒரு கருத்தை வாசகர்முன் வைப்பதே இக்கட்டுரையின் நோக்கம். அக்கருத்து யாதெனின்: ஒரு யந்திரத்தைச் செய்து விற்றவர் அதன் உறுப்புக்களைச் செய்வதை நிறுத்தும்போது, அவற்றின் வரைபடங்களையும் அச்சுக்களையும் அழித்தல் தகாது, பிறர் செய்ய முன்வரின் அவர்க்கு அவற்றை அளித்தல் வேண்டும் என்பதாம்.

"செல்வர்தம் விளையாட்டுப் பொருளைப்பற்றி இத்துணைக் கவலை எதற்கு?" எனச் சிலர் வினவலாம். வினா நேரியதே. ஆயினும், துணி தைக்கும் யந்திரத்திற்கும், நீர் இறைக்கும் யந்திரத்திற்கும், அச்சு யந்திரத்திற்கும் இதே கதிதான் நேருகின்றது. ஸ்போர்ட்ஸ் கார்கள் குறைந்த தொகையினவாகவே செய்யப்படுவதால், ஏனைய யந்திரங்களுக்கு மெல்ல வரும் நோய் இவற்றிற்கு விரைந்து வருகின்றது; அவ்வளவே வேறுபாடு. நோய் எங்கே தெளிவாகத் தோன்றுகின்றதோ அங்கே அதனை ஆராய்வதே முறையாகும்.

இங்கிலாந்தில் ஆக்ஸ்போர்டு நகருக்கு அண்மையிலுள்ள ஆபிங்டன் என்னும் ஊரில் எம்.ஜி. என்னும் பெயர் பூண்ட வண்டிகள் செய்யப்பட்டு வந்தன. அவற்றுள் டி.சி. என்பது 1945 முதல் 1949 வரை ஏறக்குறைய 10,000 செய்யப்பெற்றது. இருவர் மட்டும் அமரத்தக்க அவ்வண்டியின் எஞ்சின் 1,250 கன சென்டிமீட்டர் அளவுடையது. அவ்வெஞ்சினில் ஒரு போல்ட் தொலைந்துவிட்டது என வைத்துக்கொள்வோம். உடையவர் கடைக்குச் சென்று 8 மில்லிமீட்டர் பருமனுள்ள போல்ட் ஒன்று கேட்கிறார். கடையில் வழக்கமாகக் கிடைப்பது, மரைக்கு மரை 1.25 மில்லிமீட்டர் இடைவெளியுள்ளது. எஞ்சினின் துளையிலுள்ள மரையோ 1 மில்லிமீட்டர் இடைவெளியுள்ளது. அறியாது வலிந்து திருகினால் துளையின் மரையே கெட்டுவிடும். 1 மில்லிமீட்டர் மரையுள்ள போல்ட்டை வேறிடத்தில் தேடிப் பெற்றாலும், அதன் தலை வேறு அளவினதாக இருத்தலால், வண்டிக்குரிய ஸ்பானர் அதனைப் பற்றாது. ஏனெனில், அவ்வண்டியின் போல்ட்டுகள் மரையில் பிரெஞ்சு மெட்ரிக் அளவும், தலையில் விட்வர்த் என்னும் ஆங்கில அளவும் உடையன.

இவ்விந்தைக்குக் காரணம் வரலாற்றில் உள்ளது. முதல் உலகப் போரின்போது, பாரிஸ் நகரின் அருகே இருந்த தன் தொழிற்சாலை ஜெர்மானியர் கைப்படக்கூடும் என்று அஞ்சிய ஹாட்ச்கிஸ் என்னும் பிரெஞ்சு ஆயுதக் கம்பெனி, இங்கிலாந்தில் கவென்ட்ரி நகரில் வேறொரு தொழிற்சாலை அமைத்தது. போர் முடிந்தபின் அத்தொழிற்சாலை மாரிஸ் மோட்டார் வண்டிகளுக்கு எஞ்சின் செய்து கொடுத்தது. 1923-ல் வில்லியம் மாரிஸ் அதனை விலைக்கு வாங்கிக்கொண்டார். அங்கிருந்த கருவிகள் பிரெஞ்சு அளவின. அவற்றை மாற்றுவது பெருஞ்செலவு. ஆதலின் மரை பிரெஞ்சு முறையிலேயே நிலைத்தது. ஆங்கிலத் தொழிலாளர் கையிலிருந்த ஸ்பானர்களோ விட்வர்த் அளவின. ஆதலின் தலை அதற்கேற்ப அமைந்தது. ஒரு போர், ஒரு வாணிபம், இரண்டு நாடுகளின் வழக்கம் ஆகிய அனைத்தும் விரல் நீளமுள்ள போல்ட் ஒன்றில் அடங்கியிருக்கின்றன. இதனை அறியாதவன் கையில் எத்துணை இரும்பு இருப்பினும் அந்த போல்ட்டைச் செய்ய இயலாது. இதனால் நாம் அறிய வேண்டுவது ஒன்று உண்டு. யந்திர உறுப்பு என்பது வெறும் உலோகத் துண்டன்று; அஃது ஓர் அறிவின் உருவம்.

அவ்வறிவு மூன்றிடங்களில் தங்கியுள்ளது: வரைபடத்தில், அச்சில், தொழிலாளியின் கையில். தொழிற்சாலை மூடப்பட்டதும் வரைபடம் கழிவுக் காகிதமாகின்றது, அச்சு பழைய இரும்பு விலைக்குப் போகின்றது, தொழிலாளி முதுமையடைகின்றான். மேலும், ஒரு வண்டியின் உறுப்புக்கள் யாவும் ஒரே இடத்தில் செய்யப்படுவன அல்ல. எம்.ஜி. வண்டியின் மின்சாரக் கருவிகளை ஒரு கம்பெனியும், கார்புரேட்டரை மற்றொரு கம்பெனியும் செய்து கொடுத்தன. ஆதலின், தேடுபவர் ஒரு கதவை அன்றிப் பல கதவுகளைத் தட்ட வேண்டியவராகிறார். உடைத்துப் பிரிக்கப்பட்ட வண்டிகளின் குவியலிலும், சங்கங்களின் உறுப்பினரிடத்தும், கடைசல் பட்டறைகளிலும் மாதக்கணக்கில் அலைந்து திரிகிறார்.

இந்நிலையில், பிறர் அவ்வுறுப்பைச் செய்து விற்பதற்குச் சட்டம் இடந்தருமா என்னும் கேள்வி எழுகின்றது. இங்கிலாந்தில் இக்கேள்வி பிரபுக்கள் சபைவரை சென்றது. பிரிட்டிஷ் லேலண்ட் கம்பெனி, தனது மாரிஸ் மரினா என்னும் வண்டியின் புகைபோக்கிக் குழாயைப் பார்த்துச் செய்து விற்ற ஆர்ம்ஸ்ட்ராங் கம்பெனியின்மீது வழக்குத் தொடுத்தது. குழாயின் வரைபடத்திற்குப் பதிப்புரிமை தமக்கே உண்டு. ஆகவே தம் அனுமதியின்றி அதே வடிவில் குழாய் செய்தல் குற்றம் என்பது லேலண்டார் வாதம். கீழ்க்கோர்ட்டுகள் அவ்வாதத்தை ஏற்றன. 1986-ல் பிரபுக்கள் சபை அதனை மறுத்தது. வண்டியை விற்றவர், அதனைப் பழுதுபார்த்து ஓட்டும் உரிமையையும் வாங்கினவர்க்கு உடன் விற்றவராகிறார்; ஒரு கையாற் கொடுத்ததை மறு கையாற் பறித்தல் கூடாது என்பதே அத்தீர்ப்பின் சாரம். 1997-ல் பிரிவி கவுன்சில், மை வைக்கும் உறைபற்றிய வேறொரு வழக்கில், இவ்விதியின் எல்லையைச் சுருக்கியது உண்மையே. ஆயினும் அடிப்படை நியாயம் நெஞ்சிற்கு ஒத்ததே என்பது எமது துணிபு.

எனினும், உரிமை இருந்து கருவி இல்லையாயின் என்ன பயன்? சமைக்க அனுமதி பெற்றவனுக்கு அடுப்பும் பாத்திரமும் வேண்டாவோ? இவ்விடத்தில் பாராட்டத்தக்க ஒரு செயலைக் கூறுதல் தகும். அதே பிரிட்டிஷ் லேலண்ட் கம்பெனியார் 1975-ல் பிரிட்டிஷ் மோட்டார் ஹெரிடேஜ் என்னும் நிறுவனத்தைத் தோற்றுவித்தனர். ஆபிங்டன் தொழிற்சாலை 1980-ல் மூடப்பட்டது. எம்.ஜி.பி. என்னும் வண்டி, 1962 முதல் அவ்வாண்டுவரை ஐந்து இலட்சத்திற்கு மேற்பட்டுச் செய்யப்பெற்றது, அத்துடன் நின்றது. ஆனால் அதன் உடற்கூட்டிற்குரிய தகடுகளை அழுத்தும் அச்சுக்கள் பல அழியாமற் கிடந்தன. மேற்சொன்ன நிறுவனத்தார் அவற்றைத் தேடிச் சேர்த்து, 1988-ல் ஆக்ஸ்போர்டுஷயரில் அவ்வுடற்கூட்டினை மீண்டும் முழுமையாகச் செய்யத் தொடங்கினர். துருப்பிடித்துக் கைவிடப்பட்ட வண்டிகள் பல இதனாற் புத்துயிர் பெற்றன. இதன்மேலும் ஒரு வியப்பு உண்டு. 1992-ல் ரோவர் கம்பெனியார் எம்.ஜி. ஆர்.வி.8 என்னும் புது வண்டியை வெளியிட்டபோது, அக்கூட்டினையே அடிப்படையாகக் கொண்டனர். ஏறக்குறைய 2,000 வண்டிகள் செய்யப்பட்டு, பெரும்பாலானவை ஜப்பானுக்குச் சென்றன. பிறர்க்கெனக் காத்த அச்சு, காத்தவர் மரபினர்க்கே பயன்பட்டதன்றோ! எஸ்.யூ. என்னும் புகழ்பெற்ற கார்புரேட்டரின் பெயரும் உரிமையும் 1996 முதல் சாலிஸ்பரி நகரக் கம்பெனி ஒன்றின் வசம் இருந்து, அக்கருவியும் அதன் உறுப்புக்களும் செய்யப்பட்டு வருகின்றன.

அச்சே இல்லாத இடத்தில் புது விஞ்ஞானம் உதவிக்கு வருகின்றது. ஜெர்மனியின் போர்ஷ் கம்பெனி 959 என்னும் வண்டியை 292 மட்டுமே செய்தது. அதன் கிளச்சை விடுவிக்கும் நெம்புகோல் ஒன்று கையிருப்பில் இல்லாமற்போயிற்று. இத்துணைச் சில வண்டிகளுக்காக வார்ப்பு அச்சுச் செய்தல் கட்டுப்படியாகாது. ஆதலின், உருக்குத் தூளை மெல்லிய படலமாகப் பரப்பி, ஒளிக்கற்றையால் உருக்கி, படலத்தின்மேற் படலமாக உருவாக்கும் முப்பரிமாண அச்சுமுறையால் அதனைச் செய்ததாக 2018-ல் அக்கம்பெனி அறிவித்தது. ஏறக்குறைய மூன்று டன் பாரத்திலும் அந்நெம்புகோல் சோதனையில் நின்றது. ஆயினும், இம்முறைக்கும் சரியான அளவு முன்னே வேண்டும். அளவு இழந்தார்க்கு ஒளிக்கற்றையும் உதவாது.

இனி, எமது கருத்திற்கு எதிராகச் சொல்லப்படும் இரண்டினை ஆராய்வோம். "கண்டவரெல்லாம் உறுப்புச் செய்தால் உயிருக்கு ஆபத்து நேராதோ?" என்பது ஒன்று. பிரேக்கு, ஸ்டியரிங் போன்றவற்றில் இவ்வச்சம் முற்றும் உண்மையே. ஆனால் ஆபத்து மிகுவது வரைபடம் மறைக்கப்படுவதனாலேயே. வரைபடம் கிட்டாத கடைசற்காரன், தேய்ந்துபோன பழைய உறுப்பை அளந்து, அத்தேய்மானத்தையும் சேர்த்துப் பிரதி செய்கிறான். எவ்வகை உருக்கு, எவ்வளவு பதம் என்பதனை ஊகித்தே கொள்கிறான். உண்மை அளவு வெளிப்படின் இக்குற்றம் குறையும். "உழைத்துக் கண்டதைப் பிறர்க்குக் கொடுத்தல் தொழிலுக்கு நட்டமன்றோ?" என்பது மற்றொன்று. விற்கும் காலத்தில் உரிமை அவர்க்கே இருக்கட்டும், யாம் மறுக்கவில்லை. விற்பனையை நிறுத்திய பின்னர், அவர் பெறாத இலாபத்தை இழப்பது எங்ஙனம்? தான் உண்ணாததைப் பிறர் உண்ணவும் விடாது வைக்கோற்போரில் படுத்துக் காக்கும் நாயின் செயலுக்கு இதனை ஒப்பிடுதல் பிழையாகாது.

ஆதலின், உறுப்புச் செய்வதை நிறுத்தும் கம்பெனியார் அதனை முன்னரே அறிவித்தல் வேண்டும். வரைபடங்களைப் பொதுவான ஓரிடத்தில் ஒப்படைத்தல் வேண்டும். அச்சுக்களைப் பழைய இரும்பு வணிகர்க்கு விற்குமுன், அவற்றாற் பயன்கொள்வார் உளரோ என ஒருமுறையேனும் வினவுதல் வேண்டும். இம்மூன்றும் பெருஞ்செலவு தருவன அல்ல.

மாணவ நண்பர்களுக்கும் ஒரு சொல். உங்களுட் பலர் நாளை யந்திரங்களை அமைப்பீர்கள்; சிலர் பட்டறையும் நடத்துவீர்கள். ஒரு யந்திரத்தைப் பிரிக்கும்போதெல்லாம் அதன் உறுப்புக்களை அளந்து, குறித்து, தேதியிட்டு வையுங்கள். இன்று மலிவாகக் கிடைக்கும் ஆணியை நாளை ஒருவன் தேடி அலையக்கூடும். அன்று உங்கள் குறிப்பு ஒன்று, நின்றுபோன தேரை மீண்டும் ஓடச் செய்யும்.