கரிக்குக் கணக்கு உண்டு, சேற்றுக்கு?

ஆரணியில் உட்கார்ந்துகொண்டு நெய்வேலியைப் பற்றி எதற்குத் தலையங்கம் என்று கேட்கும் நண்பர்களுக்கு முதலில் ஒரு பதில். இங்கே தறிக்கு மேலே எரிகிற விளக்கில் நெய்வேலிக் கரியின் பங்கும் கலந்திருக்கிறது. அந்த மின்சாரத்துக்கு நாம் பில் கட்டுகிறோம். பில்லில் வராத இன்னொரு செலவை ஒவ்வொரு ஐப்பசி, கார்த்திகையிலும் பரவனாற்றங்கரை ஜனங்கள் கட்டிக்கொண்டிருக்கிறார்கள். அந்தச் செலவின் பெயர் சேறு.

1956இல் நிறுவனம் தொடங்கியது. 1957இல் நேரு வந்து சுரங்க வேலையைத் தொடங்கி வைத்தார். திறந்தவெளிச் சுரங்கம், ஒரு டன் பழுப்பு நிலக்கரி எடுக்க, அதன் மேலே கிடக்கும் மண்ணை ஐந்து, ஆறு கன மீட்டர் வெட்டித் தள்ளியாக வேண்டும். தள்ளிய மண் குன்று குன்றாக நிற்கிறது. புதிதாகக் கொட்டிய மேட்டில் வேர் இல்லை, புல் இல்லை, பிடிமானம் இல்லை. வடகிழக்குப் பருவமழை ஒரே நாளில் பத்து சென்டிமீட்டர் கொட்டினால் ஏக்கருக்கு நாலு லட்சம் லிட்டர் தண்ணீர். அது மேட்டை அரித்துக்கொண்டு இறங்குகிறது. இன்னொரு பக்கம், பள்ளத்தில் தேங்கும் மழைநீரைப் பம்பு வைத்து வெளியே இறைக்காவிட்டால் சுரங்கம் மூழ்கும். இரண்டு தண்ணீரும் போய்ச் சேருகிற வழி பரவனாறு.

இதைத் தடுக்கத் தெரியாதா? நல்லாத் தெரியும். மேட்டின் காலடியில் கல்சுவர். மேட்டைச் சுற்றி வாய்க்கால். சரிவைப் படிப்படியாக வெட்டிப் புல்லும் மரமும் வைப்பது. வாய்க்கால் முடிவில், ஒன்றன்பின் ஒன்றாகச் சேறு படியும் குட்டைகள். மணல் சீக்கிரம் படிந்துவிடும். களி அப்படியில்லை. குறுக்களவு பத்தில் ஒரு பங்கான துகள் நூறு மடங்கு மெதுவாகத்தான் கீழே இறங்கும். அதனால் குட்டை பெரிதாக இருக்க வேண்டும், புரட்டாசிக்குள் தூர் வாரியிருக்க வேண்டும். போன வருஷச் சேறு நிரம்பிய குட்டை குட்டையே அல்ல, அது வெறும் வழி.

1986ஆம் ஆண்டுச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு விதிகளின் பொதுத் தரம் ஆற்றில் விடும் கழிவுநீருக்கு ஒரு எல்லை வைத்திருக்கிறது: லிட்டருக்கு 100 மில்லிகிராம் மிதக்கும் மண். பாசன நிலத்தில் விட்டால் 200. எல்லை இருக்கிறது, எந்த நாளில் அளப்பது என்பதுதான் சங்கதி. வருஷத்துச் சேற்றில் பெரும்பகுதி இரண்டு மூன்று பெருமழை ராத்திரிகளில் போய்விடும். தெளிந்த தை மாசத்தில் பாட்டிலில் பிடித்துக் காட்டுகிற தண்ணீர் சாட்சி சொல்லாது.

சாட்சி ஏரிகள்தாம். வாலாஜா ஏரி பல ஆண்டுகள் தூர்ந்து கிடந்து, 2010களின் தொடக்கத்தில்தான் நிறுவனத்தின் செலவில் தூர் வாரப்பட்டது. கீழே பெருமாள் ஏரிக்கும் அதே சேற்று நோய். சுரங்கத் தண்ணீர் கோடையில் கழனிக்குப் பாய்கிறது என்பதும் உண்மை. அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் தூர்ந்த ஏரியைத் தூர் வாரிவிட்டு அதற்குச் 'சமூகப் பொறுப்பு' என்று பெயர் வைக்கிறார்கள். பாங்கில் கடனைத் திருப்பிக் கட்டுகிறவனை நாங்கள் தர்மகர்த்தா என்று சொல்வதில்லை.

ஏரி வண்டல் வயலுக்கு நல்லதுதானே என்பார்கள். ஊர் ஏரி வண்டல் மேல்மண். சாணமும் சருகும் மக்கியது. சுரங்கத்திலிருந்து வருவது அடிமண், உயிர் இல்லாதது. இரண்டையும் ஒன்றென்று சொல்கிறவன் வண்டி பூட்டி வண்டல் அடித்தவன் அல்ல.

2023 ஜூலையில் வளையமாதேவியில் என்ன நடந்தது? பரவனாற்றைத் திருப்பும் வாய்க்காலுக்காக, கதிர் வர வேண்டிய நெற்பயிருக்குள் இயந்திரம் இறங்கியது. வழக்கு சென்னை உயர்நீதிமன்றம் போனது. அழிந்த பயிருக்கு ஏக்கருக்கு 40,000 ரூபாய் என்று முடிவானது. பட்டா வைத்திருந்தவருக்கு அந்தத் தொகையே போதாது. அந்த நடவை நட்ட கைகளுக்கு, களை பறித்த முதுகுகளுக்கு, அறுப்புக் கூலியை நம்பியிருந்த குடும்பங்களுக்கு எவ்வளவு? ஏக்கர் இல்லாதவனுக்கு ஏக்கர் கணக்கில் என்ன வரும்?

2013ஆம் ஆண்டு நிலமெடுப்புச் சட்டம், நிலமில்லாத விவசாயக் கூலியையும் 'பாதிக்கப்பட்ட குடும்பம்' என்று எழுத்தில் ஒத்துக்கொண்டது. ஆனால் சேறு வந்து நிலத்தை எடுத்தால் அறிவிக்கை இல்லை, விசாரணை இல்லை, இழப்பீடு இல்லை. மதகு அடைபட்ட வருஷம் நடவு இல்லை; நடவு இல்லாவிட்டால் முதலில் உலை நிற்பது சேரியில். வெள்ளம் வந்தாலும் முதலில் அங்கேதான். பெரும்பாலும் ஊர் மேட்டில், சேரி பள்ளத்தில். இந்தப் பள்ளத்தை மழை தோண்டவில்லை.

வேல்ஸ் நாட்டு அபர்ஃபானில் 1966 அக்டோபர் 21ஆம் நாள், நீரூற்றின் மேல் கொட்டிய சுரங்க மண்மேடு சரிந்து பள்ளிக்கூடத்தை மூடியது. 144 பேர் செத்தார்கள். அதில் 116 பேர் குழந்தைகள். மிச்ச மேடுகளை அகற்ற, செத்த பிள்ளைகளுக்காக உலகம் அனுப்பிய நிதியிலிருந்தே 1,50,000 பவுண்டு பிடுங்கினார்கள். 1997இல்தான் திருப்பிக் கொடுத்தார்கள். கேட்டுக்கொண்டே இருந்ததால் கொடுத்தார்கள்.

நாமும் கேட்போம். மழைக்காலம் முழுக்க, முக்கியமாகப் பெருமழை ராத்திரிகளில், சுரங்கம் வெளியே விடும் தண்ணீரின் சேற்றளவை அன்றன்றே ஊராட்சிப் பலகையில் எழுத வேண்டும், சேரியிலும் ஒரு பலகை. குட்டைகளும் வாய்க்கால்களும் தூர் வாரியாகிவிட்டனவா என்று புரட்டாசியில் கிராம சபை நேரில் போய்ப் பார்க்க வேண்டும். ஏரி தூர்ந்து நடவு நின்ற நாட்களுக்குக் கூலிக்காரர்களுக்கு நாள்கூலி, அவரவர் பெயரிலேயே.

கரியை டன் கணக்கில் எழுதுகிற கைக்குச் சேற்றையும் எழுதத் தெரியும். வரவை மட்டும் எழுதிப் பற்றை விட்ட கணக்கை எந்தத் தணிக்கையும் ஏற்காது. நம் ஜனங்களும் ஏற்கக் கூடாது.