பனியில் ஒரு சிறுவன்

தொடக்கப்பள்ளிக் குழந்தைகட்கு மக்களிடையே உள்ள வேற்றுமையை உணர்த்த, அறிவுரையினும் படநூலே சிறந்தது என்பேன். ஆயின், அத்தகைய நூல்கள் அமெரிக்க நாட்டில் நெடுங்காலம் அரியனவாகவே இருந்தன. 1962 முதல் 1964 வரை அங்கு வெளிவந்த 5,206 சிறுவர் நூல்களுள், கறுப்பின மக்கள் இடம்பெற்றவை 349 மட்டுமே என நான்சி லாரிக் அம்மையார் 1965இல் எழுதினார். கறுப்பினக் குழந்தை தன்னைப் போன்றோரை நூலிற் காண்பது அரிதாயிற்று. வெள்ளைக் குழந்தையோ தன்னைப் போன்றோரையன்றிப் பிறரைக் காண்பது அரிதாயிற்று. பின்னதும் இழப்பேயன்றோ?

1962இல் எசுரா ஜாக் கீட்ஸ் 'பனி பெய்த நாள்' என்னும் படநூலை எழுதி வரைந்தார். அதில் பீட்டர் என்னும் கறுப்பினச் சிறுவன் செந்நிற உடையணிந்து வெண்பனியில் அடிச்சுவடு பதிக்கிறான். மறுநாளைக்கென்று பனியுருண்டை ஒன்றைப் பையில் இட்டு வீட்டிற்குக் கொணர்கிறான். அது உருகி மறைந்தது கண்டு வருந்துகிறான். அவன் நிறத்தைப் பற்றி நூலில் ஒரு சொல்லும் இல்லை. அதனைக் குறையெனக் கூறினாரும் உளர். நான் அவ்வாறு கருதவில்லை. உருகிய பனிக்காகப் பீட்டருடன் வருந்தும் குழந்தை, அவனைத் தோழனாக முன்னரே ஏற்றுக்கொண்டது. நிறத்தைப் பற்றிய வினா பின்னர் அக்குழந்தையிடமிருந்தே எழும். அப்பொழுது ஆசிரியர் மழுப்பாது விடை கூறுதல் வேண்டும். அவ்விடையைப் படநூல் தாராது.