தூரம் அதிகம், நேரம் குறைவு!



"மணிக்கு 60 கி.மீ. வேகத்தில் போகும் ரயில் 300 கி.மீ. தூரத்தை எத்தனை மணி நேரத்தில் கடக்கும்?" கேள்வி முடியறதுக்குள்ளே "அஞ்சு!"ன்னு கத்திடுவோம். தூரம் கூடினால் நேரமும் கூடும் என்பது நம் மனதில் பதிந்துவிட்டது. ஆகாய விமானத்துக்கு இந்தக் கணக்கு மட்டும் போதாது என்பது என் கருத்து.

டெல்லியிலிருந்து அமெரிக்காவின் சான் ஃபிரான்சிஸ்கோவுக்கு ஏர் இந்தியா விமானம் முதலில் மேற்கே, அட்லாண்டிக் கடல் வழியாகப் போனது. சுமார் 13,900 கி.மீ. 2016 அக்டோபரில் கிழக்கே, பசிபிக் வழியாகத் திருப்பினார்கள். சுமார் 15,300 கி.மீ. அதாவது 1,400 கி.மீ. சுற்று! ஆனால் ஏறக்குறைய 2 மணி நேரம் மிச்சம். சுமார் பதினான்கரை மணி நேரத்தில் போய் இறங்கியது.

எப்படி? உயரே ஜெட் காற்று மேற்கிலிருந்து கிழக்காக வீசுகிறது. விமானத்தின் வேகம் 900, காற்றின் வேகம் 100 என்று வைத்துக்கொள்வோம். எதிர்க்காற்றில் 800 தான் கிடைக்கும். 13,900 கி.மீ. போக 17 மணிக்கு மேல் ஆகும். பின்காற்றில் 1,000 கிடைக்கும். 15,300 கி.மீ. போக 15 மணி சொச்சம்தான். நீங்களே போட்டுப் பாருங்கள்!

சுவரில் தொங்கும் உலகப் படத்தில் அமெரிக்கா இடது ஓரத்தில் இருக்கிறது. கிழக்கே போயும் அங்கே சேரலாம்னு யாருக்குத் தோணும்? உலக உருண்டையில் ஒரு நூலை இழுத்துப் பிடித்தால் இன்னொரு அதிசயம் தெரியும். இந்த இரண்டு ஊருக்கும் மிகக் குறுக்கு வழி வடதுருவத்துக்குப் பக்கத்தில் போகிறது. சுமார் 12,400 கி.மீ. தான்.

நேரத்தைக் கூட்டுவது காற்று மட்டுமல்ல, மனிதர்களும்தான். 2022-இல் போரினால் ரஷ்ய வான்வழி மூடப்பட்டதும், ஹெல்சின்கி – டோக்கியோ பயணம் சுமார் ஒன்பதரை மணியிலிருந்து 13 மணி ஆனது. இரண்டு விமான நிலையமும் ஓர் அங்குலம்கூட நகரவில்லை!

"இதெல்லாம் பரீட்சைக்கு வருமா?" என்று சிலர் கேட்பார்கள். வராமல் போகட்டுமே! சூத்திரம் தப்பு என்று நான் சொல்லவில்லை. தூரம், வேகம் என்று எதை எடுத்துப் போடுகிறோம் என்று தெரியாமல் சூத்திரத்தை மட்டும் மனப்பாடம் செய்தால் விடை வரும், விஷயம் புரியாது.

ஆகவே ஆசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள். பீரோ மேலே தூசி படிந்து கிடக்கும் உலக உருண்டை வாரம் ஒரு நாளாவது கணக்கு வகுப்புக்கும் வரட்டும். நூலைக் கொண்டுவருவது எங்கள் பொறுப்பு!

– 9-ஆம் வகுப்பு 'ஆ' பிரிவு மாணவி