டிக்கட்டும் ஒரு செக்ரோல்தான்

தோட்டத்தில் பிறந்தவர்களுக்குச் செக்ரோலைப் பற்றி யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. நாள் முழுக்க மலையில் நின்றாலும், செக்ரோலில் பேர் விழாவிட்டால் அந்த நாள் நமக்கில்லை. அரைப்பேர் போட்டால் அரைநாள் சம்பளம்தான். பஸ்ஸிலும் இதே கணக்குத்தான் நடக்கிறது. அதை நாம் கவனிப்பதில்லை.

பேராதனையில் புறப்படும் ஏ-5 வீதி நுவரெலியா, பதுளை, பசறை, லுணுகலை, பிபிலை, மகா ஓயா வழியாக இறங்கி, புல்லுமலை, கரடியனாறு தாண்டிச் செங்கலடியில் முடிகிறது. தேயிலை மலையும் மட்டக்களப்பு வாவிக்கரையும் இந்த வீதியால் இணைந்தவை. கலவரங்களில் தோட்டங்களை விட்டு ஓடிக் கிழக்கில் குடியேறிய சொந்தங்களைப் பார்க்க நாம் போகும் வழியும் இதுதான்.

இந்த வீதியைச் செப்பனிடும் வேலைக்காகக் கரடியனாறு பொலிஸ் நிலையத்தில் வைத்திருந்த வெடிமருந்து 2010 செப்டெம்பர் 17ஆம் திகதி வெடித்தது. இருபதுக்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். அவ்வளவு விலை கொடுத்து வீதி வந்தது. அதற்கேற்ற பஸ் வந்ததா? உட்கிராமத்துக்குப் போகிறவர்கள் பொழுது சாயுமுன் வீடு சேர வேண்டும்; இருட்டினால் வழியில் யானை. கடைசி பஸ்ஸைத் தவறவிட்டவருக்கு உழவு இயந்திரப் பெட்டி, இல்லையென்றால் ஓட்டோ. ஓட்டோ என்றால் அன்றைய கூலியில் பெரும்பங்கு போய்விடும்.

பஸ் கேட்டுப் போனால் மலையிலும் படுவான்கரையிலும் ஒரே பதில்தான் வருகிறது: அந்தப் பாதையில் வருமானம் இல்லை. வருமானத்தை எதைக் கொண்டு அளக்கிறார்கள்? கொடுத்த டிக்கட்டைக் கொண்டு. காசை வாங்கிக்கொண்டு டிக்கட் கொடுக்காமல் ஏற்றிய பயணி அந்தக் கணக்கில் இல்லை. பஸ் வராததால் பெட்டியில் தொங்கிப் போனவரும் இல்லை. வகுப்புக்குப் போக வழியில்லாமல் சாதாரண தரத்தோடு நின்றுவிட்ட பிள்ளையும் இல்லை. கணக்கில் ஆள் இல்லை என்பதால் பஸ் இல்லை. பஸ் இல்லை என்பதால் ஆள் இல்லை.

1958 ஜனவரி 1ஆம் திகதி பஸ் சேவை தேசியமயமானபோது, இலாபம் இல்லாத ஊருக்கும் பஸ் போகும் என்ற நம்பிக்கை பிறந்தது. 1979இல் தனியார் பஸ்கள் திரும்பி வந்தபின் இலாபமுள்ள பாதையில் போட்டி ஓட்டமும், மற்றப் பாதையில் காத்திருப்பும் நம் பங்காயின.

கட்டணத்தையும் பாருங்கள். 2022 ஜனவரியில் 17 ரூபாவாக இருந்த குறைந்தபட்சக் கட்டணம் அதே ஆண்டு ஜூலையில் 40 ரூபா ஆனது. பின்னர் படிப்படியாகக் குறைந்து 2024 ஒக்டோபரில் 27 ரூபாவுக்கு வந்தது. ஏறியபோது எல்லோருக்கும் தெரிந்தது. குறைந்தபோது நமக்குக் குறைந்ததா? டிக்கட்டில் தொகை அச்சாகியிருந்தால்தான் அதைக் கேட்க முடியும்.

எந்தப் பாதைக்கு எந்த வாகனம் என்பது உயிரோடு சம்பந்தப்பட்டது. 2021 மார்ச் 20ஆம் திகதி இதே ஏ-5 வீதியில், பசறை 13ஆம் மைல்கல் அருகே தனியார் பஸ் பள்ளத்தில் விழுந்ததில் 14 பேரை இழந்தோம். 2025 மே 11ஆம் திகதி கொத்மலை, கரண்டியெல்லவில் இலங்கை போக்குவரத்துச் சபை பஸ் விழுந்து இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அந்த பஸ்ஸில் இருக்கைகளைவிட ஆட்கள் அதிகம். மலைப் பாதைக்கும் காட்டுப் பாதைக்கும் கழித்துவிட்ட வாகனம் போதும் என்ற எண்ணம் மாற வேண்டும்.

ஆகவே நமது கோரிக்கைகள் இவை:

1. மேல் மாகாணத்தில் 2025 ஒக்டோபர் 1 முதல் டிக்கட் கட்டாயம். ஊவாவிலும் கிழக்கிலும் எல்லா பஸ்களிலும் இயந்திர டிக்கட் வர வேண்டும். அபராதம் வாங்காத பயணிக்கு மட்டுமல்ல, கொடுக்காத பஸ்ஸுக்கும் இருக்க வேண்டும்.

2. வருமானம் குறைந்த கிராமப் பாதைகளுக்கென்றே அரச மானியத்தோடு 'கெமி சரிய' சேவையும், பள்ளிப் பிள்ளைகளுக்கு 'சிசு சரிய' சேவையும் உள்ளன. தோட்டப் பாதைகளுக்கும் கரடியனாற்றின் உட்பாதைகளுக்கும் இவற்றை ஒதுக்க வேண்டும்.

3. பெரட்டு நேரம், பள்ளி நேரம், கிளினிக் நேரம் பார்த்து அட்டவணை போட வேண்டும்.

4. பஸ் ஒதுக்குமுன் அதன் பிரேக்கையும் டயரையும் சோதிக்க வேண்டும்.

கோரிக்கையோடு நம் வேலையும் உண்டு. ஏறியதும் டிக்கட் கேளுங்கள். நடத்துநரோடு சண்டை வேண்டாம். தனியார் பஸ்ஸில் வேலை செய்யும் பலருக்கு நியமனக் கடிதமும் இல்லை, சேமலாப நிதியும் இல்லை. வருமானம் கணக்கில் ஏறினால் அவர்களும் தங்கள் பங்கைக் கேட்கலாம். கிடைத்த டிக்கட்டுகளை ஒரு மாதம் சேர்த்து வையுங்கள். பஸ் வராத நாளையும் நேரத்தையும் கொப்பியில் எழுதுங்கள். இரண்டையும் தோட்டத் தலைவர் மாவட்டக் காரியாலயத்துக்குக் கொண்டுவரட்டும். மாகாணத்துக்குள் ஓடும் தனியார் பஸ் என்றால் மாகாணப் போக்குவரத்து அதிகார சபை, மாகாண எல்லை தாண்டினால் தேசிய போக்குவரத்து ஆணைக்குழு, இ.போ.ச. பஸ் என்றால் டிப்போ என்று உரிய இடத்தில் நாம் கொண்டுபோய்க் கொடுப்போம்.

செக்ரோலில் பேர் விழாத நாளைத் தலைவரிடம் சொல்லிப் போராடிப் பெற்றவர்கள் நாம். பஸ்ஸிலும் நம் பேர் விழட்டும்.