வாடகை கம்மிதான்... காத்து எப்படி?

கலிஃபோர்னியாவுல வாடகை கம்மியான ஊர்னு இம்பீரியல் பள்ளத்தாக்குக்குக் கிளம்புறீங்களா? ஜூலையில பகல் வெயில் சராசரியே 41 டிகிரி செல்சியஸ். அதுக்கு ஏசி இருக்கு (கரன்ட் பில்லை வாடகையோட சேர்த்துப் பாருங்க). தூசிதான் பெரிய பிரச்னை.

மழையே அரிதான இந்தப் பாலைவனத்தில் லெட்டூஸ் விளைவது கொலராடோ ஆற்றுத் தண்ணீரால். வயலில் வடியும் மிச்சம்தான் சால்டன் ஏரிக்குப் போகிறது. 2003 ஒப்பந்தப்படி தண்ணீரில் ஒரு பங்கு சான் டியாகோ பக்கம் போக, வடிகால் குறைஞ்சு ஏரி சுருங்குது. காய்ந்த ஏரிப்படுகையின் தூசி காத்துல பறக்குது. அங்கே குழந்தைகளிடம் ஆஸ்துமா அதிகம்.

கொலராடோ நீர்ப்பங்கீட்டின் 2007 விதிகளுக்கு ஆயுள் 2026 வரைக்கும்தான். பங்கு இன்னும் குறைந்தால், வயல் வேலையும் குறையும், ஏரியும் வற்றும். வீட்டில் யாருக்காவது வீசிங் இருந்தா, அட்வான்ஸ் கொடுக்கறதுக்கு முன்னாடி ஏரி எவ்வளவு தூரம்னு மேப்ல பார்த்துடுங்க.